பதிலுக்காக மூன்று நொடி

வகுப்பில் கேள்வி கேட்ட ஆசிரியர், பதிலுக்காக எவ்வளவு நேரம் பொறுத்திருப்பார்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்து இதை அளந்து பார்த்தார். 1970களில் வெளியான அவருடைய கணக்குப்படி, சராசரியாக ஒரே ஒரு நொடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வி அடுத்த பிள்ளைக்குப் போய்விடும், இல்லையென்றால் ஆசிரியரே பதிலைச் சொல்லிவிடுவார்.

அந்த நேரமும் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. கெட்டிக்காரர்கள் என்று ஆசிரியர் நினைத்த பிள்ளைகளுக்குக் கிடைத்த நேரத்தில், படிப்பு வராது என்று நினைத்த பிள்ளைகளுக்குப் பாதிதான் கிடைத்தது. யோசிக்க யாருக்குக் கூடுதல் நேரம் தேவையோ அவர்களுக்கே குறைவு. எந்த ஆசிரியரும் இதை வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் தினமும் நடந்தால் பிள்ளை புரிந்துகொண்டுவிடும், தன்னிடம் பதில் இருக்கும் என்று டீச்சர் எதிர்பார்க்கவில்லை என்று.

மூன்று நொடியாவது காத்திருக்க ஆசிரியர்களைப் பழக்கினார் ரோ. பதில்கள் நீண்டன. 'தெரியாது' என்பது குறைந்தது. அதுவரை வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், தாங்களே கேள்வியும் கேட்டார்கள்.

ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவரைப் போய்ச் சேர்வது இப்படிப்பட்ட சின்னச் சின்ன வழிகளில்தான். எதிர்பார்ப்பு பற்றிய புகழ்பெற்ற சோதனை 1960களில் கலிஃபோர்னியாவில் நடந்தது. உளவியலாளர் ராபர்ட் ரோசென்தாலும் பள்ளி முதல்வர் லெனோர் ஜேக்கப்சனும், குலுக்கல் முறையில் எடுத்த சில பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்து, 'இந்தப் பிள்ளைகள் இந்த வருடம் நன்றாக முன்னேறுவார்கள்' என்றார்கள். முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களைவிட அதிகமாக உயர்ந்தது. மேல் வகுப்புகளில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. அளந்த விதம் சரியில்லை என்று கடுமையான விமர்சனங்களும் வந்தன.

அப்புறம் 1984இல் ஸ்டீபன் ராடன்புஷ் என்ற ஆய்வாளர் இதே மாதிரியான 18 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தார். பிள்ளைகளை ஆசிரியர் இரண்டு வாரத்துக்கு மேல் அறிந்திருந்தால், வெளியிலிருந்து வரும் இப்படிப்பட்ட தகவலுக்கு ஏறக்குறைய எந்தப் பலனும் இல்லை. அதற்குள் அவர் மனதில் ஓர் அபிப்பிராயம் படிந்துவிடுகிறது. அதனால்தான் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், புது ஆசிரியர் பிள்ளையை இன்னும் அறியாத நேரத்தில், போன வருட ஆசிரியர் 'அவன் தேறமாட்டான்' என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லும் ஒரு வரி எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, பாராட்டிக்கொண்டே இருந்தால் போதுமா? போதாது. ஒரு வேலையைத் தானே செய்து முடித்த அனுபவம்தான் தன்னம்பிக்கைக்கு முதல் ஊற்று, பிறர் சொல்லும் வார்த்தை அதற்குப் பிறகுதான் என்றார் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. பிள்ளையைத் திரும்ப முயல வைப்பதில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது. டேவிட் யேகரும் ஜெஃப்ரி கோஹனும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளை ஆசிரியர்கள் வழக்கம்போல் திருத்தினார்கள். சில தாள்களில் ஒரு சாதாரணக் குறிப்பும், மற்றவற்றில் ஒரு சிறப்புக் குறிப்பும் இணைக்கப்பட்டன. உன்னிடம் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இந்தத் திருத்தங்கள் என்பது சிறப்புக் குறிப்பின் சாரம். யாருக்கு எந்தக் குறிப்பு போனது என்று ஆசிரியர்களுக்கே தெரியாது. சாதாரணக் குறிப்பு கிடைத்த கறுப்பின மாணவர்களில் 17 சதவீதம் பேர்தான் கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொடுத்தார்கள். சிறப்புக் குறிப்பு கிடைத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல். ஆசிரியர் தன்னைத் தாழ்வாக நினைக்கிறாரோ என்ற சந்தேகம் இருக்கும் பிள்ளைக்குச் சிவப்பு மை அவமானமாகத் தெரியும். அந்தச் சந்தேகம் விலகினால் அதே மை உதவியாகிவிடுகிறது.

நல்ல ஆசிரியரின் பலன் மதிப்பெண்ணில்தான் தெரியும் என்றில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களை ஆராய்ந்து பொருளாதார ஆய்வாளர் கிராபோ ஜாக்சன் 2018இல் எழுதினார். மாணவர்கள் விடுப்பு எடுப்பதையும் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாவதையும் குறைக்கும் ஆசிரியர்களால், பள்ளிப் படிப்பை முடிப்பவர்கள் அதிகமாகிறார்கள். ஆனால் தேர்வு மதிப்பெண்ணை உயர்த்தும் ஆசிரியர்களும் இவர்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். தேர்ச்சி விகிதத்தை மட்டும் வைத்து ஆசிரியரை எடைபோடும் நம் பள்ளிகளில், இவர்களுடைய உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.