டீச்சர் வராத நாளில் திரையில் பாடம்: சட்டம் என்ன சொல்கிறது?

திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் ஊருக்குள் போனால் ஈராசிரியர் பள்ளிகளைப் பார்க்கலாம். ஒரு டீச்சர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போய்விட்டால், ஒன்று முதல் ஐந்து வரை எல்லாப் பிள்ளைகளும் இன்னொருவர் பொறுப்பு. அவர் என்ன செய்வார்? திறன் வகுப்பறை (ஸ்மார்ட் கிளாஸ்) திரையில் வீடியோ பாடத்தை ஓடவிட்டு, மூன்று வகுப்பை அதன் முன் உட்கார வைப்பார். பிள்ளை வீட்டுக்கு வந்து "இன்னைக்கு டிவிதான் பாத்தோம்" என்று சொன்னதும் நமக்குக் கோபம் வருகிறது.

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் அதில் தப்பில்லை. பிள்ளைகள் சும்மா இருப்பதைவிட எவ்வளவோ மேல். பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் தீக்‌ஷா செயலியில் பாடம் வரும். 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்களுக்கு 2023-இல் வந்த மணற்கேணி செயலி இருக்கிறது. எல்லாமே இலவசம். மலையடிவாரப் பள்ளிகளில் சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. தீக்‌ஷா பாடத்தை முந்தின நாளே இறக்கி வைத்துக்கொண்டால் தொல்லையில்லை. வீடியோ முடிந்ததும் பக்கத்து வகுப்பு டீச்சர் ஐந்து நிமிடம் வந்து, யாருக்கு எது புரியவில்லை என்று கேட்டுவிட்டுப் போனால் அந்தப் பாடவேளை வீணாகாது.

ஆனால் அதே திரை மாதக்கணக்கில் ஆசிரியருக்குப் பதிலாக ஓடினால் கதை வேறு. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆசிரியர் இருந்தாக வேண்டும். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 பேர், 61 முதல் 90 வரை 3 பேர். ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒருவராவது வேண்டும். திரையையோ கணினியையோ இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு கற்றது என்று பார்த்து, பின்தங்கியவருக்குக் கூடுதலாகச் சொல்லித் தருவதும் ஆசிரியரின் கடமை என்கிறது 24-ஆம் பிரிவு. வீடியோவுக்குப் பின்வரிசைப் பிள்ளையின் முகம் தெரியாதே.

பெற்றோர் பலருக்குத் தெரியாதது 26-ஆம் பிரிவு. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் அனுமதித்த பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது. சரி, இரண்டே பணியிடம் உள்ள பள்ளியில் ஒன்று காலியானால்? பாதி காலி. அப்படிப் பார்த்தால் சின்னப் பள்ளியில் ஒரே ஒரு காலியிடம்கூடச் சட்டத்துக்குப் புறம்பானதுதான். நம் ஊர்ப் பள்ளிகளில் பலவும் சின்னப் பள்ளிகள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2022-இல் காலியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்ததே இந்தக் குழுக்கள் வழியாகத்தான். தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், பாவம், அவரும் இரண்டு வகுப்பைக் கட்டி மேய்த்துக்கொண்டிருப்பார். குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்: எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தத் தேதியிலிருந்து ஆசிரியர் இல்லை. அதன் நகலை வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்கும் அழைத்துச் சொல்லலாம்.