மருந்துப்போலி: சொல் விளக்கம்

சேலத்து மருத்துவமனை ஒன்றில், பித்தப்பையை நீக்கிக்கொள்ள ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்திருந்த காப்பித் தோட்டத்து அம்மாள் ஒருவருக்கு, வலிநீக்கிச் சோதனை ஒன்றுக்கான ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினார்கள். “பாதிப் பேருக்குப் போலி மருந்து தரப்படும்” என்ற வரி வந்ததும் அவர், “போலி மருந்தா? அதெல்லாம் வேண்டாங்க” என்று கையை விலக்கிக்கொண்டார். அவர் அஞ்சியது நியாயமே; படிவத்தை எழுதியவர் ‘மருந்துப்போலி’ என்ற சொல்லை முன்பின்னாக மாற்றிவிட்டார்.

மூலச்சொல் பிளாசிபோ. இலத்தீனில் ‘மகிழ்விப்பேன்’ என்று பொருள்படும் வினைமுற்று அது. இறந்தோருக்கான கத்தோலிக்க மாலை வழிபாட்டின் தொடக்கச் சொல்லாக இருந்து, பிறகு முகத்துதி செய்வோரைக் குறிக்கும் அளவுக்குத் தாழ்ந்து, 18ஆம் நூற்றாண்டில் மருத்துவத்துக்குள் வந்தது. அன்று அது நோயாளியின் மனநிறைவுக்காகக் கொடுத்த மருந்து. இன்று, சோதிக்கப்படும் மருந்தின் தோற்றத்தைக் கொண்டு அதன் செயற்பொருளை மட்டும் கொள்ளாதது. வறுத்த சிக்கரிக்குக் காப்பியின் நிறமும் கசப்பும் உண்டு, கஃபீன் கிடையாது என்றால் அந்த அம்மாளுக்கு உடனே விளங்கியிருக்கும்.

துளைவழிப் பித்தப்பை அறுவையில் வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச் செய்து, பெரும்பாலும் நான்கு சிறு துளைகள் இடுவதால், துளையிட்ட இடங்களிலும், உதரவிதானம் உறுத்தப்படுவதால் தோள்பட்டையிலும் வலி எடுக்கும். இவ்வலி நாளாக ஆகத் தானாகவும் தணியும், ஊசி போட்டாயிற்று என்ற நம்பிக்கையாலும் தணியும். பல் பிடுங்கியவர்களிடம் நடந்த 1978ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், அவ்வாறு நம்பிக்கையால் தணிந்த வலி, வலியைத் தணிக்கும் ஓபியாய்டுகளை (அபின் வகைப் பொருள்கள், உடலும் இவற்றைச் சுரக்கும்) தடுக்கும் நலாக்சோனைச் செலுத்தியதும் மீண்டும் கூடியது. எனவேதான் ஒரு குழுவினரின் துளையோரங்களில் பூபிவகெய்ன் என்னும் மரப்பு மருந்தையும், மற்றக் குழுவினருக்கு 0.9 விழுக்காட்டு உப்புநீரையும், எவருக்கு எது என்று நோயாளிக்கும் வலியை அளப்பவருக்கும் தெரியாதபடி செலுத்தி, 0 முதல் 10 வரை வலியெண் கேட்டுக் குறிக்கிறார்கள். வலி மிகுந்தால் வழக்கமான வலிநீக்கி இரு குழுவுக்கும் உண்டு.

தமிழில் ‘ஆறுதல் மருந்து’ என்பாரும் உளர். மூலச்சொல்லுக்கு அது நெருக்கந்தான், ஆனால் சோதனையில் நோக்கம் ஒப்பீடேயன்றி ஆறுதலன்று. ‘மருந்துப்போலி’யே பொருந்தும். ‘இல்முன்’ என்பது ‘முன்றில்’ என மாறி வழங்குவதை இலக்கணப்போலி என்கிறோமே, அதே ஆக்கம். அங்கே ‘போலி’ என்பது ‘போன்றது’ என்றே பொருள்படும், ஏமாற்று என்றன்று. முன்பின்னாக்கிப் ‘போலி மருந்து’ என்றாலோ, 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டம் தண்டிக்கும் கள்ளச்சரக்கு ஆகிவிடும்.

அந்தப் படிவத்தில் இருந்திருக்க வேண்டிய வரி: “பாதிப் பேருக்கு மருந்துப்போலியாக, மரப்பு மருந்து கலவாத உப்புநீர் செலுத்தப்படும், வலித்தால் கேளுங்கள், வலிநீக்கி தரப்படும்.”