‘ரீசனபிள் அகாமடேஷன்’: தக்க ஏற்பாடு

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பற்றிய தமிழ் விளக்கங்களில் ‘ரீசனபிள் அகாமடேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லை ‘நியாயமான தங்குமிடம்’ என்று படித்துப் படித்துச் சலித்துவிட்டது. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். வேலை கேட்டு வருபவருக்கு விடுதி அறை தரச் சொல்லி எந்தச் சட்டம் சொல்கிறது?

‘அகாமடேஷன்’ என்பதன் மூலம் இலத்தீன். ‘மொதுஸ்’ என்றால் அளவு. அதிலிருந்து வந்த ‘அக்கொமொதாரே’ பொருந்தும்படி செய்தலைக் குறிக்கும். தங்கும் அறை என்பது பின்னால் வந்து சேர்ந்த பொருள். சட்டச் சொல்லாக இது அமெரிக்காவில், ஊழியரின் மத வழிபாட்டு நாளுக்கு முதலாளி வழிவிடுவதைப் பற்றிய விதிகளில் புழங்கி, பிறகு ஊனம் பற்றிய சட்டங்களுக்கு வந்தது. 2006இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் இடம்பெற்றது, அடுத்த ஆண்டே இந்தியா அதை ஏற்றது. நம் 2016ஆம் ஆண்டுச் சட்டம் தரும் வரையறையின் சாரம் இது: மற்றவர்களுக்குச் சமமாக உரிமையை அனுபவிக்கத் தேவையான மாற்றங்களை, செய்பவர் மேல் அளவுமீறிய சுமை ஏற்றாமல், செய்து தருவது.

‘இடவசதி’ என்று எழுதுபவர்கள் தங்குமிடக்காரர்களைவிடக் கூடுதல் கெடுதல் செய்கிறார்கள். அது பாதி சரிபோலத் தெரிவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. சாய்தளமும் அகலக் கதவும் போட்டால் கடமை முடிந்தது என்று நிர்வாகம் நினைத்துக்கொள்கிறது. மனச்சிதைவுக்கு மருந்து எடுப்பவருக்குக் காலையில் தூக்கக் கலக்கம் தெளிய நேரமாகும். எட்டு மணி ஷிப்டைப் பத்து மணியாக்கினால் அவர் வேலையில் நிலைப்பார். மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்குத் தூக்கம் கெடுவதே நோயைக் கிளப்பிவிடலாம். அவரை இரவு ஷிப்டிலிருந்து விலக்க வேண்டும். மாதம் ஒருநாள் மருத்துவமனை போக அனுமதி, வேலையை வாயால் அடுக்காமல் எழுதித் தருவது, நோய் தணிந்து திரும்புபவரை முதலில் அரை நாள் வேலைக்கு அமர்த்துவது என்று இன்னும் எவ்வளவோ உண்டு. இவற்றில் இடம் எங்கே இருக்கிறது?

படித்தவர்கள் விரும்பும் சொல் ‘நியாயமான தகவமைப்பு’. அழகான சொல்தான், ஆனால் உயிரியல் பாடத்தில் நாம் அதை எப்படிப் படித்தோம்? பாலைவனத்துக்கு ஏற்ப ஒட்டகம் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. மாறுவது உயிர், சூழல் அப்படியே இருக்கிறது. இந்தச் சட்டம் கேட்பதோ நேர்மாறு. மாற வேண்டியது அலுவலகம். மனநோயாளியிடம் “நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்” என்று குடும்பமும் மேலாளரும் சொல்லிச் சொல்லித்தான் அவர் வேலைக்கு மேல் வேலையாக இழந்து நிற்கிறார். அந்தப் பழைய அதட்டலையே சட்டத்தின் பெயரில் திருப்பிச் சொல்கிறது இந்தச் சொல். ‘பணியிடத் தகவமைப்பு’ என்று திருத்தினாலும் போதாது. தேர்வில் கூடுதல் நேரம் தருவதும் இதே சட்டச் சொல்லுக்குள் வருகிறதே!

‘சலுகை’ வேண்டவே வேண்டாம். கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைப்பது சலுகை. இதை மறுப்பதையோ சட்டம் பாகுபாடு என்றே வரையறுக்கிறது.

என் பரிந்துரை ‘தக்க ஏற்பாடு’. ‘தகு’ என்ற வேரில் பொருத்தமும் இருக்கிறது, அளவும் இருக்கிறது. ஊழியரின் தேவைக்கும் தக்கது, நிறுவனத்தின் சக்திக்கும் தக்கது. ஏற்பாட்டைச் செய்ய ஒருவர் வேண்டும் என்பதால் பொறுப்பு யாருடையது என்பதும் மறையாது. சட்டச் சொல்லுக்குரிய கனம் இல்லை என்பார்கள். கனமான சொல்லைக் கண்டு மிரண்டு, தன் உரிமையைக் கேட்காமலே திரும்பிப் போகிறவர்களை மொழிபெயர்ப்பாளர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று. மனச்சோர்வும் எண்ணச் சுழற்சி நோயும் (ஓ.சி.டி.) இருந்த மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையை நீதிமன்றம் ரத்து செய்தது; இப்போதைய பணி அவருக்கு ஒத்துவராவிட்டால் ஊதியம் குறையாமல் வேறு பணிக்கு மாற்றலாம் என்றது. இதைத் தமிழில் எழுதும்போது ‘அவருக்குத் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும்’ என்று எழுதினால் அவருடைய தாயாருக்கும் புரியும், படைப்பிரிவின் எழுத்தருக்கும் புரியும்.