மறுவாழ்வு முகாம்: என்ன கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை

1983 கலவரத்துக்குப் பிறகு உயிர் தப்பினால் போதும் என்று படகேறி வந்த இலங்கைத் தமிழர்களில் பலர், தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இன்னும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அரசு இந்த முகாம்களின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது, உதவிகளையும் உயர்த்தியது.

மாதப் பணக்கொடையாகக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 500 என்று அறிவித்தார்கள். விலையில்லா அரிசி, ஆண்டுக்கு ஐந்து சிலிண்டருக்குத் தலா 400 ரூபாய் மானியம், கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை ஆகியவையும் உண்டு. இடிந்து கிடந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டவும் அப்போதுதான் முடிவானது. ஆனால் இந்த உதவிகள் கிடைக்க, அதிகாரிகள் வந்து ஆட்களைச் சரிபார்க்கும் கணக்கெடுப்பு நாளில் ஆள் முகாமில் இருக்க வேண்டும். வெளியூரில் பெயிண்ட் அடிக்கப் போனவர், அன்றைய கூலியை விட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸில் ஓடி வருகிறார்.

சரி, இத்தனை இருந்தும் எது இல்லை? குடியுரிமை. அது இல்லாமல் அரசு வேலை இல்லை, ஓட்டு இல்லை, இந்திய பாஸ்போர்ட்டும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த, முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு மட்டும்தான். இலங்கையை விட்டது பெரிய அநியாயம்.

ஆனாலும் ஒரு வழி திறந்திருக்கிறது. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவின்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பெற்றோர் எந்த நாட்டவர் என்பது இதில் பொதுவாகக் கேள்வியே இல்லை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதன்முறையாக ஓட்டுப் போட்டார்.

இதற்கு முதலில் வேண்டியது பிறப்புச் சான்றிதழ். பலருக்கு அதுதான் கையில் இல்லை. நம்மால் உதவ முடிகிற இடமும் இதுதான். பிரசவம் நடந்த அரசு ஆஸ்பத்திரி, நகராட்சி, தாலுகா அலுவலகம் என்று பழைய பதிவைத் தேட அவர்களோடு போகலாம், மனு எழுதித் தரலாம். பதிவே இல்லையென்றால் கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞராக இருந்தால் கட்டணம் வாங்காமல் ஒரு வழக்கு நடத்திக் கொடுங்கள்.

அப்புறம், முகாம் ஆள் என்பதற்காகக் கூலியைக் குறைக்காதீர்கள், வாடகைக்கு வீடு கேட்டால் தட்டிக் கழிக்காதீர்கள். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு உதவ நினைப்பவர்கள், ஈழ அகதிகளே 1984-இல் தொடங்கிய 'ஒஃபர்' (OfERR) என்ற அகதிகள் மறுவாழ்வு அமைப்பைத் தொடர்புகொள்ளலாம்.