விருதுக்குப் பணம் கட்டும் முன்: ஊடக எழுத்தறிவு ஆய்வும் யுஜிசி விதியும்

வாட்ஸ்அப் வதந்திகளை மாணவர்கள் எப்படி இனம் காண்கிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆய்வு செய்த ஒருவர், நேர்காணல் பட்டியலில் தம் பெயரைத் தேடி ஏமாந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவருடைய கோப்பில் முதல் தாளாக இருந்தது தங்க நிறக் கரை போட்ட ‘சிறந்த ஆய்வாளர்’ சான்றிதழ். பதிவுக் கட்டணம் கட்டி வாங்கியது. அதற்குக் கிடைத்த மதிப்பெண் பூஜ்யம்.

உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்காணலுக்கு அழைப்பது யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைகளின்படி. அதில் விருதுகளுக்கு அதிகபட்சம் 3 மதிப்பெண்தான். சர்வதேச அமைப்புகள், மத்திய அரசு, மத்திய அரசு அங்கீகரித்த தேசிய அமைப்புகள் தந்த விருதுக்கு 3. மாநில அரசு விருதுக்கு 2. பெயர்ப்பலகையில் ‘சர்வதேச’ என்று எழுதிக்கொண்ட அறக்கட்டளை எதுவும் இந்தக் கணக்கில் வராது. போலிச் செய்தியைப் பிரித்தறியக் கற்றுத்தருபவர்களே ‘கட்டணம் கட்டினால் விருது’ என்று வரும் மின்னஞ்சல்களில் விழுகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2 மதிப்பெண். பல்கலைக்கழகப் பணிக்கு 10 வரை, கல்லூரிப் பணிக்கு 6 வரை. கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது பத்துக் கட்டுரை இருந்தாலும் மூன்றுக்குத்தான் மதிப்பெண். எண்ணிக்கைக்காகப் போலி இதழில் பணம் கொட்ட வேண்டாம்.

அலுவலகத்தில் இழுத்தடிப்பு தொடங்கும் இடம் இதழ்ப் பட்டியல். யுஜிசி, தான் ஏற்கும் ஆய்விதழ்களைத் தொகுத்த ‘கேர்’ பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இதழின் தரத்தை இனி அந்தந்த நிறுவனமே மதிப்பிட வேண்டும். ஆனாலும் சாளரத்துக்கு அப்பால் இருப்பவர், “பட்டியல் நகல் எங்கே?” என்று கேட்பார். இல்லாத பட்டியலுக்கு நகல் எங்கிருந்து வரும்? வாக்குவாதம் வேண்டாம். உங்கள் நிறுவனம் எந்த அளவுகோலைப் பின்பற்றுகிறது என்று மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். பட்டியல் இருந்த காலத்தில் வெளியான கட்டுரை என்றால், அப்போது எடுத்த நகல் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்த கண்ணி, துறை. ஊடக எழுத்தறிவு ஆய்வைக் காட்டினால் கல்வியியல் துறையில், “இது இதழியல் ஆயிற்றே” என்பார்கள். இதழியல் துறையில், “இது பாடத்திட்டம் சார்ந்தது” என்பார்கள். விதியில் ‘தொடர்புடைய துறை’ என்ற சொல் இருந்தும் கோப்பு அலையும். கட்டுரைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் ‘கல்வி’ என்ற சொல் தெரியும்படி எழுதுவது, பின்னால் மூன்று நடையை மிச்சப்படுத்தும்.

இணைப் பேராசிரியர் பணிக்கு ஆய்வு மதிப்பெண் 75 வேண்டும். குழுவாகச் செய்யும் ஆய்வு இதில்தான் அடி வாங்குகிறது. இருவர் எழுதினால், கட்டுரைக்கு உரிய மதிப்பெண்ணில் ஆளுக்கு 70 விழுக்காடு. அதற்கு மேற்பட்டவர்கள் என்றால் முதல் ஆசிரியருக்கோ தொடர்பு ஆசிரியருக்கோ (இதழுடன் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்பவர்) 70, மற்றவர்களுக்கு ஆளுக்கு வெறும் 30. பள்ளி பள்ளியாகப் போய்த் தரவு திரட்டியவர் பெயர் நான்காவதாக அச்சாகியிருக்கும். பெயர் வரிசையைக் கட்டுரை அனுப்பும் முன்பே மின்னஞ்சலில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். அச்சான பிறகு எந்த அலுவலகமும் அதை மாற்றித் தராது.