அடுத்த வண்டி பெட்ரோலா, பேட்டரியா?

சர்வீஸுக்கு வண்டி விட வருகிறவர்கள் இப்போதெல்லாம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள்? ராத்திரி வண்டி எங்கே நிற்கும்?

ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் கிட்டத்தட்ட 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. அதில் ஸ்கூட்டர் 45, 50 கி.மீ. ஓடும். பெரும்பகுதி இன்ஜின் சூட்டிலும் சைலன்சர் வழியாகவும் வீணாகப் போய்விடுகிறது. அதே 9 யூனிட்டை இரண்டு மூன்று தடவையாக மின் ஸ்கூட்டருக்கு ஏற்றினால் 250 கி.மீ. வரை ஓட்டலாம். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. அதை இப்படிச் சூடாக்கி விடுவதற்கா? ஊருக்குள் ஓடும் ஸ்கூட்டர், ஆட்டோ, டவுன் பஸ் மூன்றும் மின்சாரத்துக்கு மாறுவதே சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

லாரி என்றால் கணக்கே வேறு. ஒரு கிலோ பெட்ரோலிலோ டீசலிலோ சுமார் 12 யூனிட் ஆற்றல். ஒரு கிலோ பேட்டரியில் அரை யூனிட்கூடக் கிடையாது. 40 டன் லாரி நிற்காமல் 800 கி.மீ. போக வேண்டுமென்றால் பேட்டரி மட்டுமே 5, 6 டன் ஆகிவிடும். அவ்வளவுக்குச் சரக்கு குறையும், எந்த முதலாளி ஒத்துக்கொள்வார்? நெடுந்தூரச் சரக்கை முடிந்தவரை ரயிலுக்கு மாற்றுவதுதான் நல்லது. மேலே கம்பியில் மின்சாரம் ஓடும்போது பேட்டரியைச் சுமக்கவே வேண்டாம். விமானமும் கப்பலும் இன்னும் பல வருடம் எண்ணெயை விடாது.

ஹைட்ரஜனைப் பற்றியும் கேட்கிறார்கள். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும்; வண்டியில் அது 15, 20 யூனிட்டாகத்தான் திரும்பி வரும். காருக்கு அது வீண் வேலை.

'மின்சாரமும் நிலக்கரியில்தானே வருகிறது?' நியாயமான கேள்வி. நாட்டின் மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் நிலக்கரிதான். அப்படியும் ஒரு கிலோமீட்டருக்கு வரும் கரியமில வாயு மின் ஸ்கூட்டரில் குறைவு. ஆனால் நம் தெருவில் குறைகிற புகையின் ஒரு பங்கு அனல்மின் நிலையங்கள் இருக்கும் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் போகிறது. அங்கே இருப்பவர்களுக்கும் மூச்சு இருக்கிறது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடினால்தான் இது தீரும்.

பழைய பெட்ரோல் வண்டியை உடனே விற்க வேண்டியதில்லை. இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். மைலேஜ் கொஞ்சம் குறையும். ஏப்ரல் 2023-க்கு முந்தைய வண்டியாக இருந்தால் பெட்ரோல் டியூப், ரப்பர் வாஷர்களை சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள்.

பேட்டரி வண்டிதான் என்று முடிவு செய்தால், ஷோரூமுக்குப் போகும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வண்டி நிற்கும் இடத்தில் தனி 15 ஆம்பியர் பிளக், சரியான எர்த் இரண்டும் வேண்டும். இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து ஜங்ஷன் பாக்ஸைத் தொங்கவிட்டு ராத்திரி முழுக்க சார்ஜ் போடுவதை நிறையப் பார்க்கிறேன். வயர் சூடாகி உருகும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாடகை வீடு என்றால் முதலில் வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். அவர் முடியாது என்றால், இப்போதைக்கு பெட்ரோல் வண்டியே இருக்கட்டும்.