ரெனுவாரின் சிவப்பு எங்கே போனது? இம்ப்ரெஷனிச முறையில் தீட்டுவோர் கவனத்துக்கு

பிரெஞ்சு இம்ப்ரெஷனிச ஓவியர் ரெனுவார் 1883இல் தீட்டிய மதாம் லியோன் கிளாப்பிசோனின் உருவப்படம் சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. அந்தப் பெண்மணிக்குப் பின்னால் இன்று தெரிவது நீலமும் சாம்பலும் கலந்த அடங்கிய பின்னணி. பராமரிப்பாளர்கள் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றியபோது, சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த ஒல்லியான பட்டையில் மட்டும் பளீரென்ற சிவப்பு அப்படியே இருந்தது. கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் அது. வெளிச்சம் படாததால் பிழைத்திருக்கிறது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் நிறமியை உறுதிசெய்த பிறகு, பழைய நிறத்தைக் கணினியில் மீட்டெடுத்து 2014இல் மூலப்படத்தோடு காட்சிக்கு வைத்தார்கள். ரெனுவார் அந்த முகத்துக்குப் பின்னால் வைத்திருந்தது தகிக்கும் சிவப்பு.

இன்று எண்ணெய் வண்ணம் கற்கும் எல்லோரும் இம்ப்ரெஷனிஸ்டுகளின், அதாவது கண்முன் மாறும் ஒளியை நிறங்களால் பிடிக்க முயன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர்களின், மாணவர்கள்தான். நிழலுக்குக் கறுப்பு போடாதே, நீலமும் ஊதாவும் பார் என்று வகுப்பில் சொல்வது அவர்களிடமிருந்து வந்தது. வெளியே போய் நேரில் பார்த்துத் தீட்டுவதும், தூரிகைத் தடத்தை மறைக்காமல் விடுவதும், வெள்ளைத் தளத்தில் வேலையைத் தொடங்குவதும் அவர்களால்தான் வழக்கமாயின. முறையை எடுத்துக்கொண்ட நாம், அந்த முறைக்கு இருக்கும் பலவீனத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

பழைய கல்விக்கூடப் பாணி ஓவியத்தில் உருவத்தைத் தாங்குவது ஒளி-இருள் வேறுபாடு. அங்கே ஒரு சிவப்பு மங்கினாலும் முகம் முகமாகவே நிற்கும். இம்ப்ரெஷனிசத்தில் உருவத்தைத் தாங்குவது பக்கத்துப் பக்கத்து நிறங்களின் உறவு. கோபலான் நெசவாலையின் சாயப்பிரிவுத் தலைவராக இருந்த செவ்ரூல் 1839இல் எழுதியது இதைத்தான்: ஒரு நிறம் தன் அண்டை நிறத்தைத் தன் எதிர்நிறத்தை நோக்கித் தள்ளும். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலம் இன்னும் நீலமாகும். அப்படிக் கட்டிய படத்தில் ஒரு நிறமி வெளிறினால் அதன் அண்டை நிறங்களும் சேர்ந்து மாறித் தெரியும். ஊதா நிழலில் இருந்த சிவப்பு போய்விட்டால் வெறும் நீலம் மிஞ்சும். எதிரே இருந்த மஞ்சளுக்குத் துணை இல்லாமல் போகும்.

வான் கோ ஆர்ல் நகரில் தம் படுக்கையறையை 1888இல் தீட்டிய ஓவியத்தில் நடந்தது இதுவே. சுவர்கள் வெளிர் ஊதா என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இன்று அவை நீலமாக இருக்கின்றன. அவர் பயன்படுத்திய ஜெரேனியம் லேக் என்ற இளஞ்சிவப்பு, இயோசின் சாயத்திலிருந்து செய்தது. வெளிச்சத்தில் அது மறைந்துபோனது. 1890இல் தீட்டிய ரோஜாக்களும் இளஞ்சிவப்பிலிருந்து வெள்ளையாகிவிட்டன. இம்ப்ரெஷனிசம் பிரபலமாக்கிய நிறங்கள் நிலையற்றவை என்று அவருக்குத் தெரியும். காலம் எப்படியும் அவற்றைத் தணித்துவிடும், அதனால் துணிந்து கூடுதலாகவே போடலாம் என்று தம்பி தியோவுக்கு எழுதினார். புள்ளிகளால் தீட்டிய ஓவியர் ஸூராவின் லா கிராந்த் ஜாட் ஓவியத்தில் 1885–86இல் அவர் வைத்த துத்தநாக மஞ்சள் புள்ளிகள், சில ஆண்டுகளிலேயே பழுப்பேறத் தொடங்கிவிட்டன. குரோம் மஞ்சள் வேறு விதமாகக் கெடும்: அதிலுள்ள குரோமியம் வெளிச்சத்தில் வேதிமாற்றம் அடைந்து மேற்பரப்பு கருக்கும். கந்தகம் கூடுதலாக உள்ள வெளிர் வகைதான் அதிகம் பாதிக்கப்படுகிறது.

இதற்கெல்லாம் பின்னணி அக்காலத் தொழிற்சாலை வேதியியல். 1841இல் ஜான் காஃப் ராண்ட் மடக்கக்கூடிய தகர டியூபுக்குக் காப்புரிமை பெற்றார். வண்ணத்தை அரைத்துப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்த காலம் அதோடு முடிந்தது. கோபால்ட் நீலம் 1802 முதல், செயற்கை அல்ட்ராமரின் 1820களின் இறுதி முதல், விரிடியன் பச்சை 1859 முதல் என்று கடைக்குப் புதுநிறங்கள் வந்தபடி இருந்தன. அவற்றில் உலோகத்தால் ஆனவை பெரும்பாலும் நிலைத்தன. சாயத்தை வெள்ளைப் பொடியில் ஏற்றிச் செய்த லேக் நிறமிகளில் பல நிலைக்கவில்லை. இம்ப்ரெஷனிஸ்டுகளில் மோனே இந்த விஷயத்தில் ஓரளவு கவனமானவர். 1905இல் தம் நிறங்களாக அவர் சொன்னவை: ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, அடர் மேடர் (சாயச் செடிவேரின் சிவப்பு லேக்), கோபால்ட் நீலம், விரிடியன். ஆறே ஆறு. அதில் மேடர்தான் அதிகம் ஐயத்துக்குரியது.

டியூபில் பார்க்க வேண்டியது எண்

டியூபின் முகப்பில் இருக்கும் அழகான பெயரை நம்பாதீர்கள். பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். அலிசரின் கிரிம்சன் என்று பி.ஆர். 83 (பிக்மென்ட் ரெட், அதாவது சிவப்பு நிறமி, 83) எண்ணோடு வருவது இன்றும் விற்கிறது. ஒளித்தாங்கு தரத்தில் அது மூன்றாம் நிலை, அதாவது வெளிச்சத்தில் மங்கக்கூடியது. அதை வெள்ளையோடு கலந்து மாலை வானம் தீட்டினால், ரெனுவாருக்கு நடந்தது உங்கள் படத்துக்கும் நடக்கும். வெள்ளை கலக்கக் கலக்க ஆபத்து கூடும். சாயத்தின் அளவு குறைகிறது, வெள்ளை வெளிச்சத்தை உள்ளுக்குள் சிதறடித்து அதன்மேல் மீண்டும் மீண்டும் பாய்ச்சுகிறது. இம்ப்ரெஷனிச முறையில் எல்லா நிறத்திலும் வெள்ளை இருக்கும் என்பதால் இது நமக்குத்தான் முதல் பிரச்சினை. மாற்று எளிது: குவினாக்ரிடோன் ரோஸ், பி.வி. 19. அதோடு காட்மியம் மஞ்சள் (பி.ஒய். 35), காட்மியம் சிவப்பு (பி.ஆர். 108), கோபால்ட் நீலம் (பி.பி. 28), அல்ட்ராமரின் (பி.பி. 29), விரிடியன் (பி.ஜி. 18), டைட்டானியம் வெள்ளை (பி.டபிள்யூ. 6) இருந்தால் மோனேயின் தட்டு கையில் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் 'ஹியூ' என்று இருந்தால் வேறு நிறமிகளால் அந்தச் சாயலைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பொருள். அது தவறல்ல, ஆனால் என்னென்ன எண்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். எண்ணே அச்சிடாத டியூபைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசிய அட்டையில் ஒவ்வொரு நிறத்தையும் இரண்டு பட்டைகளாகத் தீட்டுங்கள்: ஒன்று அப்படியே, மற்றது நான்கு பங்கு வெள்ளை கலந்து. நன்றாகக் காய்ந்ததும் அட்டையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை வெயில் விழும் சன்னலிலும் மறுபாதியை இழுப்பறையிலும் வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிடுங்கள். ஒப்பிடுவதற்கு முன் இழுப்பறைப் பாதியை இரண்டு நாள் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். இருட்டில் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளிக்கும், அதை நிறமியின் மாற்றம் என்று தவறாக எண்ணிவிடக் கூடாது.

தீற்றலில் எங்கே தப்புகிறது

வகுப்புகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல், நிறமெல்லாம் சேறாகிவிட்டது என்பது. காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒரு கலவையில் மூன்று, நான்கு நிறமிகள் போவது ஒன்று. வைத்த தீற்றலைத் திரும்பத் திரும்பத் தொடுவது மற்றொன்று. இரண்டு நிறமியும் வெள்ளையும் போதும். சூடான நிறங்களுக்கு ஒரு தூரிகை, குளிர்ந்த நிறங்களுக்கு வேறொன்று. தூரிகையை நிறைய வண்ணத்தோடு எடுத்து, ஒருமுறை வைத்து, கையை எடுத்துவிடுங்கள். தவறாக வைத்துவிட்டால் மேலே சரிசெய்யாமல் பேலட் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

மோனே எல்லாவற்றையும் வெளியில் ஒரே அமர்வில் முடித்தார் என்ற நம்பிக்கையும் இந்தச் சேற்றுக்கு ஒரு காரணம். ரூவான் நகரத் தேவாலயத்தைத் திரும்பத் திரும்பத் தீட்டிய ஓவிய வரிசையை அவர் 1892, 1893 ஆண்டுகளில் அங்கே தொடங்கி, ஜிவெர்னியில் இருந்த தம் பட்டறையில் வைத்து 1894 வரை வேலை செய்தார். காய்ந்த சொரசொரப்பான அடுக்கின்மேல் கெட்டியான வண்ணத்தை உலர்ந்த தூரிகையால் இழுத்தால், மேடுகளில் மட்டும் நிறம் பிடித்து, பள்ளத்தில் அடிநிறம் மினுங்கும். ஈரத்தின்மேல் ஈரம் வைத்து இந்த விளைவைப் பெறவே முடியாது. பல நாள் வேலை என்றால் ஒவ்வொரு மேலடுக்கிலும் எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். எண்ணெய் மிகுந்த அடுக்கு மெதுவாகக் காயும். அதன்மேல் டர்பென்டைனில் கரைத்த மெல்லிய அடுக்கு வேகமாகக் காய்ந்து இறுகினால் வெடிப்புதான்.

இம்ப்ரெஷனிஸ்டுகளில் தெகாவும் மற்றவர்களும் வண்ணத்தை உறிஞ்சுதாளில் வைத்து எண்ணெயை வடித்தார்கள். பளபளப்பு போய்ச் சுண்ணச்சித்திரம் போன்ற மந்தமான பரப்பு கிடைக்கும், தூரிகைத் தடமும் கூர்மையாக நிற்கும். 15 நிமிடம் வடித்தாலே போதும். இரவு முழுக்க விட்டுவிட்டு, பிறகு டர்பென்டைனும் ஊற்றினால், பிணைக்க எண்ணெய் இல்லாமல் காய்ந்த பின் விரலில் பொடியாக ஒட்டும். கனமாக அப்புவதற்கு துத்தநாக வெள்ளையைத் தவிருங்கள். அது சில பத்தாண்டுகளில் உடையும் தன்மை அடைந்து ஏடு ஏடாகக் கிளம்பும். 'கலப்பு வெள்ளை' டியூபுகளிலும் அதன் எண்ணான பி.டபிள்யூ. 4 இருக்கிறதா என்று பாருங்கள்.

வார்னிஷ் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இம்ப்ரெஷனிஸ்டுகளில் பலர் வார்னிஷை விரும்பவில்லை. மந்தமான பரப்புக்கும் பளபளக்கும் பரப்புக்கும் இடையே அவர்கள் வைத்த வேறுபாட்டை அது அழித்துவிடும். அக்கால இயற்கைப் பிசின் வார்னிஷ் மஞ்சளித்து நீல வானத்தைப் பச்சையாக்கவும் செய்தது. ஆனாலும் விற்பனையாளர்களும் வாங்கியவர்களும் பூசினார்கள். இன்னும் மோசமாக, கித்தானை வலுப்படுத்த மெழுகும் பிசினும் சூடாக ஏற்றியபோது, வார்னிஷ் இல்லாத நுண்துளைப் பரப்பில் மெழுகு ஊறி நிறம் கருத்தது, மேடுகள் நசுங்கின. இவற்றைத் திருப்ப முடியாது. உங்கள் படத்துக்கு வார்னிஷ் வேண்டும் என்றால், மெல்லிய அடுக்குக்கு 6 மாதம், கனமான அப்பலுக்கு ஓர் ஆண்டோ அதற்கு மேலோ காத்திருந்து, பின்னாளில் கரைத்து எடுக்கக்கூடிய செயற்கை வார்னிஷை, பளபளப்பில்லாத வகையில், மெல்லியதாகப் பூசுங்கள். வார்னிஷ் இல்லாத படத்தை ஈரத்துணியாலோ வெட்டிய உருளைக்கிழங்காலோ ரொட்டியாலோ துடைக்கவே கூடாது. மாவுப்பொருள் பள்ளங்களில் தங்கிப் பூஞ்சைக்கு உணவாகும். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் பராமரிப்பு நிபுணரிடம் கொடுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகள் குவியலாகக் கிடந்தால் தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். காட்மியம், கோபால்ட் வண்ணங்களைக் காய்ந்த பின் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தூரிகை முனையை வாயில் வைத்துக் கூராக்காதீர்கள்.

இம்ப்ரெஷனிஸ்ட் பிஸாரோ தம் ஓவியம் ஒன்றின் பின்புறம், இதற்கு வார்னிஷ் பூச வேண்டாம் என்று எழுதி வைத்தார். நீங்களும் எழுதுங்கள்: தேதி, நிறமி எண்கள், தளத்தில் பூசியது என்ன, வார்னிஷ் உண்டா இல்லையா. மார்க்கர் மை கித்தானின் பின்னிருந்து முன்பக்கத்துக்கு ஊறிவரும் என்பதால், பென்சிலால், மரச்சட்டத்தின் மேல் எழுதுங்கள்.